கப்பிக் குட்டிக்கு எத்தனை தகப்பன்?

கோவையில் வளர்ப்பு மீன் விற்கும் கடைக்காரர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "ஒரே ஒரு பொம்பளை மீன்தானுங்க வாங்கிட்டுப் போனேன், கூட ஆண் மீனே இல்லீங்க. இப்ப தொட்டி முழுக்கக் குட்டி. எப்படிங்க?" கடைக்காரருக்கு இது பழகிய கேள்வி. "இங்க இருக்கறப்பவே சினை புடிச்சிருக்குமுங்க" என்பார். வாங்கியவரும் சமாதானமாகிப் போவார். அடுத்த மாதம் அதே மீன், ஆண் துணையில்லாமலே, மறுபடி குட்டி போடும். அதற்கடுத்த மாதமும் போடும். அப்போதுதான் கடைக்காரரின் பதில் பாதிதான் என்பது தெரியவரும்.

மீதிப் பதில் உயிரியலில் ஒரு பெரிய விவாதம். கப்பி, மோலி, பிளாட்டி, சுவோர்டெயில், கொசு ஒழிப்புக்கென்று விடப்படும் கம்பூசியா ஆகிய ஐந்தும் பொசிலிடே என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. நம் கெண்டையும் கெளுத்தியும் முட்டைகளை நீரில் விட, ஆண் மீன் அவற்றின் மேல் விந்தைச் சிந்திவிட்டுப் போகும். பொசிலிடே மீன்களில் கருத்தரிப்பு தாயின் உடலுக்குள் நடக்கிறது. ஆணின் குதத்துடுப்பு நீண்டு குழல்போல் மாறியிருக்கும். அதை முன்பக்கம் திருப்பி, நொடிக்கும் குறைவான நேரத்தில் விந்தணுக் கட்டுகளைப் பெண்ணுக்குள் செலுத்திவிடும். கரு அங்கேயே வளர்ந்து, ஏறக்குறைய நான்கு வாரத்தில் நீந்தத் தெரிந்த குட்டியாக வெளியே வரும்.

உள்ளே போன விந்தணுக்கள் ஒரே ஈற்றோடு தீர்ந்துவிடுவதில்லை. பெண் கப்பியின் சூலகத்திலும் அதன் நாளத்திலும் உள்ள மடிப்புகளில் அவை மாதக்கணக்கில் உயிரோடு தங்கும். எட்டு மாதம் வரை ஒரே சேர்க்கையின் விந்து பயன்பட்டதை ஆய்வகங்கள் பதிவு செய்துள்ளன. டிரினிடாட் ஓடைகளில் மீன்களுக்கு ஒவ்வொன்றாக அடையாளமிட்டு, தலைமுறை தலைமுறையாகப் பின்தொடர்ந்த ஆந்த்ரேஸ் லோபெஸ்-செபுல்க்ரே, டேவிட் ரெஸ்னிக் முதலியோர் 2013-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. ஆண் கப்பிகள் செத்து பத்து மாதம் கழித்தும் தகப்பனாகிக்கொண்டிருந்தன. ஆணுக்கு ஆயுள் குறைவு, பெண்ணுக்கு அதிகம். ஆகவே ஒரு குளத்தில் நீந்தும் ஆண்களை எண்ணினால் அந்தக் குளத்தின் தகப்பன்மார் கணக்கு வராது. செத்துப்போனவர்களும் பட்டியலில் இருக்கிறார்கள்.

இந்த மீன் கொங்கு நாட்டுக்கு உரியதல்ல. கப்பியின் தாயகம் டிரினிடாடும் வெனிசுவேலாவும் அதை ஒட்டிய தென்னமெரிக்க வடகிழக்குப் பகுதியும். அது 1908-ல் இந்தியாவுக்கு வந்தது. கம்பூசியா வட அமெரிக்க மீன். இத்தாலி வழியாக 1928-ல் இங்கு கொண்டுவரப்பட்டது. இரண்டையும் வரவழைத்த காரணம் ஒன்றுதான்: மலேரியா. கொசுப்புழுவைத் தின்னும், சிறிய உடல், எந்தத் தண்ணீரிலும் பிழைக்கும், தானாகப் பெருகும். பொதுச் சுகாதாரத் துறைக்கு வேறென்ன வேண்டும்? கிணறுகளில் விட்டார்கள், கோயில் தெப்பக்குளங்களில் விட்டார்கள், ஏரிகளிலும் விட்டார்கள். கொங்குப் பகுதியில் அகலமும் ஆழமுமான பாசனக் கிணறுகளுக்குக் குறைவில்லை. குழாய்த் தண்ணீர் பல நாளுக்கு ஒருமுறை வரும் தெருக்களில் டிரம்மும் சிமென்ட் தொட்டியும் தரைக்கடித் தொட்டியும் இல்லாத வீடு இல்லை. டெங்குக் காய்ச்சல் தலைகாட்டிய பிறகு, வீடு வீடாகத் தொட்டியைப் பார்க்க வரும் கொசு ஒழிப்புப் (டிபிசி) பணியாளர் கையில் அபேட் மருந்து இருக்கும். கிணற்றுக்கும் பெரிய தொட்டிக்கும் மீன் வரும்.

ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பாக இருக்கும் நம் தண்ணீர் இவற்றுக்குத் தோதான பிரசவ அறை. சாக்கடை கலந்த நீரில் நாட்டு மீன்கள் மூச்சு முட்டிச் சாகும்போது கப்பி மேற்பரப்புக்கு வந்து, காற்றோடு உரசும் மெல்லிய நீர்ப்படலத்திலிருந்து ஆக்சிஜனை எடுத்துப் பிழைத்துக்கொள்ளும். ஊர்ச் சாக்கடைப் பாலத்தில் நின்று கீழே குனிந்து பார்த்தால், நுரைக்கும் நெகிழிக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் கூட்டமாகத் திரிபவை பெரும்பாலும் இவைதான்.

இனி முக்கியக் கேள்வி. ஓர் ஈற்றில் பிறக்கும் முப்பது நாற்பது குட்டிகளுக்கு ஒரே தகப்பனா, பலரா?

இதை முதலில் ஆராய்ந்தவர்களுக்கு மரபணுச் சோதனை கைவசம் இல்லை. கப்பியின் வண்ணமே அவர்களுக்குச் சான்றாக உதவியது. டென்மார்க்கைச் சேர்ந்த ஜோஹன்னஸ் ஷ்மிட் 1920-ல் ஒரு வினோதத்தைக் கண்டார். ஆணின் முதுகுத் துடுப்பிலுள்ள கறுப்புப் புள்ளி மகன்களுக்கு மட்டும் போகிறது. மகள்களிடம் இல்லை, மகள் வழிப் பேரன்களிடமும் இல்லை. இரண்டே ஆண்டில் அவர் நாட்டவரான ஓய்விண்ட் வின்கே காரணத்தை விளக்கினார்: அந்தப் புள்ளிக்கான மரபணு ஆணுக்கே உரிய ஒய் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கிறது. தந்தையின் ஒய், மகனுக்கு அப்படியே போகும். அப்படியானால் வெவ்வேறு வண்ணக் குறியுள்ள இரண்டு ஆண்களோடு ஒரு பெண்ணைச் சேர்த்து, பிறக்கும் மகன்கள் வளர்ந்து நிறம் காட்டும்வரை காத்திருந்தால் யார் யாருடைய மகன் என்று கண்ணாலேயே எண்ணிவிடலாம். வின்கே 1937-ல் வெளியிட்ட ஆய்வு இந்த வழியில் போனது. பழைய விந்தைச் சேமித்து வைத்திருக்கும் பெண்ணிடம் புதிய ஆண் சேர்ந்தால் அடுத்த ஈற்றில் புதியவனின் குட்டிகளே மிகுதியாக இருக்கும், பழையவனின் குட்டிகளும் இடையிடையே வரும் என்று அது காட்டியது.

இந்த அறிவு நம் ஊர் வளர்ப்பாளர்களிடமும் உண்டு. அவர்கள் அதை ஆய்விதழில் எழுதுவதில்லை, அவ்வளவுதான். மொட்டை மாடியில் சிமென்ட் தொட்டி வரிசை கட்டி மாஸ்கோ புளூவும் ரெட் கோப்ராவும் டக்சிடோவும் வளர்ப்பவரைப் பாருங்கள். குட்டிகள் மூன்று நான்கு வாரம் ஆனதும் ஒவ்வொன்றாகக் கண்ணாடிக் குடுவையில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். குதத்துடுப்பு விசிறிபோல் விரிந்திருந்து, அதற்கு மேலே வயிற்றில் கறுப்பு நிழல் தட்டத் தொடங்கினால் பெண். துடுப்பு குச்சிபோல் ஒடுங்கத் தொடங்கினால் ஆண். அன்றைக்கே இரண்டையும் வேறு வேறு தொட்டியில் போட்டுவிடுவார். ஒருநாள் தவறி, நிறமே வராத ஒரு குட்டி ஆண் பெண்கள் தொட்டியில் தங்கிவிட்டால் அந்த லைன் போச்சு. அடுத்த நான்கைந்து ஈற்று எதையும் நம்ப முடியாது. வெளியிலிருந்து வாங்கிய பெண்ணாக இருந்தால் முதல் சில ஈற்றுகளைக் கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கிவிடுவதும் வழக்கம். பெருமளவில் அலங்கார மீன் உற்பத்தியாகும் சென்னைக் கொளத்தூர் தொட்டிகளிலும் இந்த எச்சரிக்கை உண்டு. விந்து சேமிப்பு, பல தந்தைமை என்றெல்லாம் பெயர் சொல்லாமலே அவற்றுக்கு எதிராக நடத்தப்படும் தினசரிப் போர் இது.

வண்ணம் மகன்களை மட்டுமே காட்டும். கம்பூசியாவிடம் வண்ணமும் கிடையாது. ஆகவே 1980-களில் ஆய்வாளர்கள் புரதங்களின் வேறுபாட்டை நாடினார்கள். அமெரிக்காவில் ரொனால்ட் செஸ்ஸர் குழு 1984-ல் கம்பூசியாச் சினை மீன்களில் பாதிக்கும் மேற்பட்டவை குறைந்தது இரண்டு ஆண்களின் கருக்களைச் சுமந்திருப்பதைக் கண்டது. அந்த முறை மொண்ணையானது, நிறைய தகப்பன்மார் அதன் கண்ணில் படாமலே போயிருப்பார்கள் என்பது அப்போதே தெரிந்திருந்தது. 1990-களில் மைக்ரோசாட்டிலைட் வந்ததும் கதை மாறியது.

மைக்ரோசாட்டிலைட் என்பது மரபணுத் தொடரில் ஒரே சிறு துண்டு திரும்பத் திரும்ப வரும் இடம். எத்தனை முறை திரும்புகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே அந்த இடத்தின் நீளமும் மாறும். ஒவ்வொரு மீனுக்கும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு நீளங்கள் இருக்கும். ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். சினைப் பெண்ணின் இரண்டு நீளங்கள் 120, 128 என்று வைத்துக்கொள்வோம். அவள் வயிற்றிலிருந்த குட்டிகளைச் சோதித்தால் ஒவ்வொன்றிலும் 120 அல்லது 128 இருந்தே தீரும். அதை ஒதுக்கிவிட்டால் மிஞ்சுவது தகப்பன் கொடுத்தது. மிஞ்சியவை எல்லாக் குட்டிகளிலும் 124 அல்லது 132 என்றால் ஒரே தகப்பன் போதும். ஆனால் 116, 124, 132, 140, 146 என்று ஐந்து நீளங்கள் தென்பட்டால்? ஓர் ஆண் இரண்டுக்கு மேல் தர முடியாது. ஆகவே குறைந்தது மூன்று தகப்பன். இப்படி நான்கைந்து இடங்களைச் சேர்த்துப் பார்த்தால் கணக்கு இறுகும். இந்தக் கணக்கில் வருவது எப்போதும் குறைந்தபட்ச எண்ணிக்கை என்பதை மறந்துவிடக் கூடாது. ஒரே நீளம் கொண்ட இரண்டு ஆண்கள் ஒருவராக எண்ணப்படுவார்கள்.

இப்படி எண்ணிக் கிடைத்த விடைகளைப் பொறுக்கி எடுத்துச் சொல்கிறேன். டிரினிடாடில் கிளின்ட் கெல்லி, ஜான்-கை கோடின், ஜோனதன் ரைட் மூவரும் 1999-ல் கப்பியின் பல தந்தைமை ஆற்றுக்கு ஆறு மாறுகிறது என்று காட்டினார்கள். பெரிய வேட்டை மீன்கள் மிகுந்த கீழ்ப்பகுதிகளில் அது அதிகம். பிறகு பிரையன் நெஃப் குழுவினர் பத்து இடங்களில் ஏறத்தாழ நூறு ஈற்றுகளைச் சோதித்தபோது பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட ஈற்றுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட தகப்பன் இருந்தான். கம்பூசியாவிலும் மைக்ரோசாட்டிலைட் கணக்கு பழைய புரதக் கணக்கை விட வெகுவாக மேலே போனது. பாய்மர மோலியில் ஏறக்குறைய பாதி ஈற்றுகள். சுவோர்டெயிலில் இடத்துக்கு இடம் வேறுபாடு. குடும்பம் முழுக்கவே பல தகப்பன்மார் என்பது சாதாரணம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு ஜான் அவைஸும் ஜின்-சியான் லியுவும் 2011-ல் வெளியிட்டது. அவர்கள் கேட்ட கேள்வி எளியது: ஓர் ஈற்றில் குட்டி அதிகம் என்றால் தகப்பனும் அதிகம் இருக்க வேண்டுமல்லவா? மீன் ஈற்றில் குட்டிகள் பாலூட்டிகளின் ஈற்றை விடப் பல மடங்கு. ஆகவே மீன்களில் தகப்பன் எண்ணிக்கை கூடுதலாக இருக்கும் என்பது எதிர்பார்ப்பு. எண்ணிப் பார்த்தால் அப்படி இல்லை. சினை சுமக்கும் மீன்களுக்கும் பாலூட்டிகளுக்கும் ஓர் ஈற்றுக்கான சராசரித் தகப்பன் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். தெருநாய் ஒன்று ஒரே ஈற்றில் செவலை, கறுப்பு, வெள்ளை என்று போடும் ஐந்து குட்டிகளுக்கு இருக்கக்கூடிய தகப்பன்மார் அளவுதான் கப்பியின் முப்பதுக்கும். எத்தனை ஆண்களோடு சேர வேண்டும் என்பதைக் குட்டிகளின் எண்ணிக்கை தீர்மானிப்பதில்லை. எத்தனை ஆண்களைச் சந்திக்க நேர்கிறது என்ற நடைமுறையே எல்லை போடுகிறது என்பது அவர்கள் வந்தடைந்த இடம்.

இது எதற்காக நடக்கிறது என்பதில்தான் சண்டை. ஆங்கஸ் பேட்மன் 1948-ல் பழ ஈக்களை வைத்துச் சொன்ன வாதம் பல ஆண்டு கோலோச்சியது: ஆணுக்கு இணை கூடக்கூடச் சந்ததி கூடும், பெண்ணுக்கு ஒன்றே போதும். ராபர்ட் டிரிவர்ஸ் 1972-ல் அதைப் பெரிய கோட்பாடாக எடுத்துக் கட்டினார். 2012-ல் பாட்ரிஷியா கௌவாட்டியும் சக ஆய்வாளர்களும் பேட்மனின் சோதனையை அப்படியே திரும்பச் செய்து, அதன் முறையிலேயே கோளாறு இருந்ததைக் காட்டினார்கள். அதற்கு வெகுமுன்பே கப்பி அந்த வாதத்தை ஆட்டிவிட்டிருந்தது.

ஜோனதன் எவன்ஸும் ஆன் மகுர்ரானும் 2000-ல் செய்த சோதனை அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது. ஒரு தொகுதிப் பெண் கப்பிகளுக்கு ஒரே ஆண், மற்றொரு தொகுதிக்குப் பல ஆண்கள். பல ஆண்களோடு சேர்ந்தவை சீக்கிரமாக ஈன்றன, அதிகமாக ஈன்றன, அவற்றின் குட்டிகள் ஆபத்து வரும்போது கூட்டம் சேர்ந்து தப்பிப்பதில் தேர்ந்திருந்தன. பெண்ணுக்கும் லாபம் உண்டு என்று இதை வைத்துச் சொல்லலாம். எவன்ஸும் உடனிருந்தவர்களும் 2003-ல் செயற்கையாக இரண்டு ஆண்களின் விந்தைச் சம அளவில் கலந்து பெண்ணுக்குள் செலுத்தினார்கள். அங்கே காதலுக்கும் ஆட்டத்துக்கும் இடமில்லை. அப்படியும் வண்ணம் மிகுந்த ஆணின் குட்டிகளே அதிகம் பிறந்தன. பெண் உள்ளுக்குள் தேர்வு செய்கிறாள் என்று பலர் இதைப் படித்தார்கள். பிறகு வண்ணமிக்க ஆணின் விந்தணுக்களே வேகமானவை என்று தெரியவந்தது. அப்படியானால் அது தேர்வு என்பதை விட, உள்ளே நடந்த ஓட்டப்பந்தயத்தின் முடிவு. இந்த இரண்டையும் பிரித்தறியாமல் எழுதுவது இத்துறையில் அடிக்கடி நடக்கும் சறுக்கல்.

உண்மையிலேயே பெண்ணின் உடல் தலையிடுவதற்கான சான்று இத்தாலியின் படுவா பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. கிளெலியா காஸ்பரினியும் ஆண்ட்ரியா பிலாஸ்ட்ரோவும் 2011-ல் சூலகத்திலுள்ள திரவத்தைத் தனியே எடுத்து, அதில் விந்தணுக்களை நீந்தவிட்டார்கள். உடன்பிறந்த சகோதரனின் விந்து அந்தத் திரவத்தில் மெதுவாக நீந்தியது; அந்நிய ஆணின் விந்து வேகமாக நீந்தியது. இரண்டையும் கலந்து செலுத்தினால் அந்நியனின் குட்டிகளே மிகுந்தன. கண்ணுக்கு உடன்பிறந்தவன் யார் என்று தெரியாவிட்டாலும் திரவத்துக்குத் தெரிகிறது. ஒரே தொட்டியில் அண்ணன் தங்கையாகப் பிறந்து வளரும் மீன்களுக்கு இது சிறிய பாதுகாப்பல்ல.

ஆனால் இதையெல்லாம் மட்டும் படித்தால் பெண் கப்பி தன் விருப்பப்படி ஆண்களைத் தேர்ந்தெடுத்து உலாவுகிறது என்று தோன்றிவிடும். தொட்டி முன் பத்து நிமிடம் உட்கார்ந்தாலே அந்த எண்ணம் கலைந்துபோகும். ஆண் கப்பி ஒருபுறம் உடலை எஸ் வடிவில் வளைத்து நடுங்கி ஆடிக் காட்டும். பெண் பார்க்காத சமயத்தில் பின்னாலிருந்து பாய்ந்து துடுப்பைச் செருகவும் முயலும். வேட்டை மீன் இருக்கும் நீரில் ஆடிக்கொண்டிருப்பது ஆபத்து என்பதால் இந்தக் கள்ளப் பாய்ச்சலே மிகும். அத்தகைய ஆறுகளில் தகப்பன் எண்ணிக்கை கூடியதற்கு இது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. மகுர்ரான், பெனோனி சேகர்ஸ் போன்றோரின் ஆய்வுக் காலத்திலிருந்தே தொல்லைக்குள்ளாகும் பெண் சரியாக மேய முடிவதில்லை என்பதும் பதிவாகிவருகிறது. கம்பூசியாவில் ஆட்டமே கிடையாது, பாய்ச்சல் மட்டுமே. ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒருமுறை முயலும் ஆண்களும் உண்டு. அதிலிருந்து தப்பப் பெண்கள் நெருக்கமாகக் கூட்டம் சேர்வதையும், பெரிய ஆணின் அருகே ஒதுங்குவதையும் பிலாஸ்ட்ரோவும் ஆஞ்சலோ பிசாசாவும் கவனித்திருக்கிறார்கள். பெரியவன் சின்னவர்களை விரட்டுவான். தொல்லை ஒருவனோடு போகும்.

என் முடிவு இது. கப்பியில் பல தந்தைமைக்குப் பெண்ணின் ஆதாயமும் ஆணின் வற்புறுத்தலும் சேர்ந்தே காரணம். கம்பூசியாவில் வற்புறுத்தலின் பங்கே பெரிது. இரண்டிலும் எல்லை போடுவது சந்திப்பின் எண்ணிக்கை. ஒற்றைக் காரணம் தேடுபவர்கள் ஏமாறுவார்கள். இதே குடும்பத்தில் சில இனங்கள் நஞ்சுக்கொடி போன்ற அமைப்பால் கருவுக்கு ஊட்டம் தருகின்றன. அங்கே ஆண்களின் வண்ணமும் ஆட்டமும் குறைந்து, உடல் சிறுத்து, துடுப்பு நீண்டிருப்பதை பார்ட் பொல்லக்ஸ் குழு 2014-ல் காட்டியது. பெண்ணின் தேர்வு கண்ணிலிருந்து கருப்பைக்கு இடம் மாறிவிட்டது என்பது அவர்கள் வாதம். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

நம் குளங்களுக்கு வருவோம். பல தகப்பன்மாரின் விந்தைச் சுமக்கும் ஒரே பெண் மீன் புதுக் குளத்தில் விழுந்தால், ஒரு மீனாக இல்லாமல் ஒரு சிறு ஊராகவே விழுகிறது என்ற வாதம் கேட்கக் கவர்ச்சியாக இருக்கும். பாதி உண்மையும்கூட. ஆமி டீக்கன், இந்தர் ராம்நாரைன், மகுர்ரான் மூவரும் ஒற்றைப் பெண் கப்பியை டிரினிடாடில் தொட்டிகளில் விட்டு இரண்டு ஆண்டு காத்திருந்தார்கள். பெரும்பாலான தொட்டிகளில் கூட்டம் பெருகி நிலைத்தது. 2011-ல் வெளியான முடிவு இது. ஆனால் அதே டீக்கன் 2014-ல் இன்னொரு கேள்வி கேட்டார்: ஒரே ஆணோடு சேரவிட்ட பெண்களையும், பலரோடு சேர்ந்த பெண்களையும் தனித்தனியே குடியேற்றினால் யார் ஜெயிப்பார்? இரண்டு வகையும் ஒரே மாதிரி ஜெயித்தன. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து ஆறுகளில் பரவிய கப்பிகளை அன்னா லிண்ட்ஹோம் குழு 2005-ல் சோதித்தபோதும், மரபணு வேறுபாடு மிகக் குறைந்த நிலையிலேயே அவை வெற்றிகரமாகப் பெருகியிருந்தன.

ஆக, படையெடுப்புக்கு வலு தருவது தகப்பன்மாரின் எண்ணிக்கை என்று சொல்வதற்கில்லை. உயிரோடு குட்டி போடுவதும், விந்தைச் சேமித்து வைப்பதும், அசுத்த நீரைத் தாங்குவதுமே போதும். பல தகப்பன்மாரின் விளைவு வேறு இடத்தில் தெரியும்: புதிதாக வரும் மரபணுக்கள் ஏற்கெனவே இருக்கும் கூட்டத்துக்குள் விரைவில் கலக்கும். காரில் ஹாஸ்கின்ஸ் 1957-ல் டிரினிடாடின் ஓர் ஆற்றிலிருந்து 200 கப்பிகளைப் பிடித்து, கப்பியே இல்லாத துருரே ஆற்றின் மேல்பகுதியில் விட்டார். அவற்றின் வாரிசுகள் அருவிகளைத் தாண்டிக் கீழே இறங்கி, அங்கிருந்த உள்ளூர்க் கப்பிகளின் மரபணுவைக் கிட்டத்தட்ட மூழ்கடித்துவிட்டன. பெண்கள் எல்லாரோடும் சேரும் இனத்தில் அணை போடுவது கடினம்.

கோவையின் குளங்களும் ஒன்றோடொன்று கோத்தவை. வெள்ளிங்கிரி மலையில் பிறக்கும் நொய்யலின் தண்ணீர் சித்திரைச்சாவடி அணைக்கட்டிலிருந்து வாய்க்காலாகப் பிரிந்து, கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, முத்தண்ணன் குளம், செல்வசிந்தாமணி, உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் என்று ஒன்று நிரம்பி அடுத்ததற்கு வழியும்படி முன்னோர் வெட்டிய அமைப்பு அது. பேரூரில் ஒரு கிணற்றில் விட்ட மீன் கிணற்றோடு இருக்கும். குளத்தில் விட்டது ஐப்பசி மழையில் அடுத்த குளத்துக்குப் போகும். ஆற்றில் இறங்கித் திருப்பூரைக் கடந்து ஒரத்துப்பாளையம் வழியாகக் காவிரி வரைக்கும் வழி திறந்திருக்கிறது. அழைக்காமலே போய்ச் சேரும் விருந்தாளியைத் திரும்பப் பிடிக்க எந்த வலையும் கிடையாது. நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஈனும் மீனை வலைபோட்டு ஒழிக்க முடியாது. ஒரே ஒரு சினைப் பெண் தப்பினால் போதும்.

பதிலுக்குக் கிடைத்தது என்ன? கொசுப்புழு தின்னும் மீன்களால் மலேரியா குறைந்ததா என்று உலகெங்குமுள்ள ஆய்வுகளைக் காக்ரேன் அமைப்பு 2013-ல் திரட்டிப் பார்த்தது, 2017-ல் புதுப்பித்தது. நோய் குறைந்ததற்கு நம்பத்தக்க சான்று கிடைக்கவில்லை. சில வகை நீர்நிலைகளில் புழுக்கள் குறைந்ததற்கு மட்டும் ஓரளவு சான்று இருந்தது. கம்பூசியாவோ உலகின் மிக மோசமான நூறு அந்நிய ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் இடம்பெற்ற மீன். நாட்டு மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தவளையின் தலைப்பிரட்டையையும் அது கொசுப்புழுவைப் போலவே ருசித்துத் தின்னும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு குளத்தில் முட்டையிடுவதில்லை. வீட்டு டிரம்மிலும், தேங்காய்த் தொட்டியிலும், கழித்துப்போட்ட டயரிலும்தான் இடுகிறது. குளத்தில் மீன் விட்டு டெங்குவைத் தடுக்கப் பார்ப்பது தவறான வாசலைப் பூட்டும் வேலை.

இதற்காக மீனே வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. வாய்க்காலோடு தொடர்பில்லாத மூடிய கிணறு, சிமென்ட் தொட்டி, ஆலைகளின் நீர்த்தேக்கம் இவற்றில் கொசுப்புழுவுக்கு மீன் நல்ல மருந்துதான். அங்கும் கப்பியை விட நெற்றியில் வெள்ளிப் பொட்டு மின்னும் நம் நாட்டுச் சிறு மீன்களே பொருத்தம். அவையும் மேற்பரப்பில் திரிந்து புழுவைத் தின்னும், முட்டையிடும், குட்டி போடாது. ஆனைகட்டியிலுள்ள சலீம் அலி பறவையியல் மையத்துக்கும் பாரதியார் பல்கலைக்கழகத்துக்கும் உக்கடம் முதல் சிங்காநல்லூர் வரை குளம் குளமாகச் சினைக் கப்பிகளைப் பிடித்துத் தகப்பன்மாரை எண்ணுவது எட்டாத வேலையல்ல. குளத்துக்குக் குளம் மரபணு கலந்திருக்கிறதா, தனித்தனியே நிற்கிறதா என்று தெரிந்தால் எந்த வாய்க்கால் வழியாக மீன் நகர்கிறது என்பதும் தெரியும்.

மாநகராட்சிச் சுகாதாரப் பிரிவுக்கு ஒரு வேண்டுகோள்: வழிந்தோடும் குளம், ஆறு, வாய்க்கால் எதிலும் கம்பூசியாவையோ கப்பியையோ விடுவதை நிறுத்துங்கள். நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக அறிவிக்கப்பட்ட சிங்காநல்லூர்க் குளத்திலிருந்தே அதைத் தொடங்கலாம். வீட்டில் மீன் வளர்ப்பவர்களுக்கும் ஒன்று: தொட்டி நிரம்பிவிட்டது, பாவம், உயிரோடு இருக்கட்டும் என்று நினைத்துக் கப்பியைக் குளத்தில் கொண்டுபோய் விடாதீர்கள். வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். பெரும்பாலான கடைக்காரர்கள் வாங்கிக்கொள்வார்கள்.